நாடகத்துக்குக் கட்டின பை

நாடகம் எண்டு ஆராவது வாயெடுத்தால் எனக்கு இண்டைக்கும் பத்திக்கொண்டுதான் வரும். அதுவும் பள்ளிக்கூட நாடகமெண்டால் கேக்கவே வேண்டாம். "நேசமக்கா, எங்கடை பிள்ளை நடிக்கிறாள், வாங்கோ" எண்டு கூப்பிடுவினம். தலையிடி எண்டு சொல்லிக் கதவைச் சாத்திப்போட்டு இருந்திடுவன். எண்பத்தைஞ்சிலை உரும்பிராயிலை நடந்த அந்த நாடகத்துக்குத் திரைச்சீலை தைச்சுக் குடுத்தவள் நான். முன் வாங்கிலை இருந்து கை நோகத் தட்டினவளும் நான்தான். என்னையும் சேத்துத்தான் ஏமாத்தினவை. ஆனால் என்ரை ஏமாத்து என்ன பெரிய ஏமாத்து. இரத்தினமக்காவுக்குச் செய்ததை நினைச்சால்தான் நெஞ்சு கொதிக்கிறது.

அவவின்ரை வளவுக்கும் என்ரை வளவுக்கும் நடுவிலை ஒரு கிடுகு வேலிதான். நாங்கள் கர்த்தரைக் கும்பிடுற வேதக்காரர், அவை சைவம். எண்டாலும் பொங்கல் எண்டால் எனக்கு ஒரு சட்டி வரும், நத்தார் எண்டால் இஞ்சையிருந்து கேக் போகும். நான் தையல் மிசினோடை தனிய இருக்கிற பொம்பிளை. அவவின்ரை புருசன் மார்க்கண்டண்ணை செம்பாட்டுத் தோட்டத்திலை போயிலையும் வெங்காயமும் வைக்கிற மனிசன். விடியப் போனால் பொழுதுபடத்தான் வருவார். வாயாலை ஒரு கதை எடுக்கிறதெண்டால் குறடு வைச்சுத்தான் புடுங்கவேணும். "ஓம்", "பாப்பம்", "விடு", இந்த மூண்டோடை அவற்றை குடும்பம் ஓடினது.

ரெண்டு ஆம்பிளைப் பிள்ளையள். மூத்தவன் குகநேசன். எண்பத்துநாலு மாசியிலை போயிலைக்குத் தண்ணி மாறப் போறனெண்டு விடியப்புறம் போனவன். இறைப்பு மிசின் பாட்டுக்கு ஓடிக்கொண்டு நிக்குது. வாய்க்கால் உடைச்சுத் தண்ணி ஒழுங்கைக்கு வந்திட்டுது. மண்வெட்டி வரம்பிலை கிடக்குது, ஆளைக் காணேல்லை. இயக்கத்துக்குப் போட்டான் எண்டு பின்னேரந்தான் ஆரோ ஒரு பொடியன் வந்து சொன்னவன். அதுக்குப் பிறகு ஒரு சேதியும் இல்லை.

இரத்தினமக்கா அதுக்கு அழுத அழுகை வேறை மாதிரி. "போனது போகட்டும் நேசம். ஊரிலை எத்தினை பிள்ளையள் போகுதுகள். எனக்கு ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டுப் போயிருக்கலாமே. மிசின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பிள்ளை தோட்டத்திலை நிக்கிறான் எண்டு நான் அவனுக்குப் புட்டு அவிச்சுக்கொண்டிருந்தன். அவன் எங்கையோ போட்டான், நான் புட்டு அவிக்கிறன்!"

இதைத்தான் திருப்பித் திருப்பிச் சொல்லுவா. அந்தப் புட்டை ஆட்டுக்குக்கூடப் போடாமல் பானையோடை கொண்டுபோய்க் கிணத்தடி வாழைக்குள்ளை கொட்டினவ.

இளையவன் தவசீலன். சீலன் எண்டுதான் எல்லாரும் கூப்பிடுறது. அப்ப உயர்தரம் படிக்கிறான். தமையன் போன கிழமையே அவனைப் பிள்ளையார் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போய், கற்பூரத்தைக் கொளுத்தி, அதிலை அடிச்சுச் சத்தியம் வாங்கினவ. எங்கை போனாலும் அம்மாவுக்குச் சொல்லிப்போட்டுத்தான் போவன் எண்டு. போகமாட்டன் எண்டு இல்லை. சொல்லிப்போட்டுப் போவன் எண்டு. இதைக் கவனமாக் கேளுங்கோ, ஏனெண்டால் பேந்து எல்லாரும் இதை வைச்சுத்தான் விளையாடினவை.

எண்பத்தைஞ்சு ஆனி, ஆடி. பேச்சுவார்த்தை எண்டு சண்டையைக் கொஞ்சம் நிப்பாட்டி வைச்சிருந்த காலம். கொழும்புக்கு வானுகள் ஓடினது. அந்த இடைவெளிக்குள்ளை எத்தினை வீட்டுப் பொடியள் வெளிநாட்டுக்கெண்டு போட்டுதுகள். மார்க்கண்டண்ணையின்ரை தங்கச்சி புருசன் கோப்பாயிலை இருக்கிறவர். அவற்றை தம்பி ஜேர்மனியிலை. சீலனையும் அனுப்புவம் எண்டு அவர்தான் கதையைத் துவங்கினவர். ஆமி பிடிச்சாலும் பொடியன் போச்சு, இயக்கத்துக்குப் போனாலும் பொடியன் போச்சு எண்டு அவர் சொன்னதிலை பொய் இல்லை.

அதைக் கேட்டு இரத்தினமக்கா முதல் நாள் குழறினது உண்மைதான். குழறிப்போட்டுச் சீலன்ரை அடையாள அட்டையை எடுத்து அரிசிப் பெட்டிக்குள்ளை தாட்டு வைச்சிட்டா. சோறு தண்ணி இல்லாமல் பாயிலை சுருண்டு கிடந்தா. நான் கஞ்சி கொண்டுபோய்ப் பருக்கினனான். ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமை முழுகிப்போட்டு வந்து, அந்த அட்டையைத் தானே எடுத்து, அரிசித் தூசு துடைச்சு, புருசனுக்கு முன்னாலை மேசையிலை வைச்சவ. நான் அங்கை நிக்கிறன். என்ரை காதாலை கேட்டது.

"இந்தாங்கோ. பிள்ளை உயிரோடை இருக்கவேணும், போகட்டும். நான் மறிக்கேல்லை. ஆனால் எனக்கு நாள் சொல்லவேணும். அவன் என்ரை கையாலை சாப்பிட்டு, திருநீறு பூசி, நான் முழுவியளத்துக்கு நிக்க, எங்கடை வீட்டு வாசல் படலையாலை போகவேணும். களவாப் போகக்கூடாது. அவ்வளவுதான்."

மார்க்கண்டண்ணை என்ன சொன்னார்? "ஓம்" எண்டார். வடிவாச் சொன்னார், "ஓம்" எண்டு!

முழுவியளம் எண்டால் தெரியும்தானே. ஒருத்தர் தூரப் பயணம் வெளிக்கிடேக்கை, நல்ல ராசியான சுமங்கலிப் பொம்பிளை ஒருத்தி நிறைசெம்போடை முன்னாலை வந்து நிப்பா. அவவின்ரை முகத்தைப் பாத்துக்கொண்டுதான் படி இறங்கிறது. ஒழுங்கையிலை கலியாணமெண்டாலும் சோதினையெண்டாலும் இரத்தினமக்காவைத்தான் முழுவியளத்துக்குக் கூப்பிடுவினம். அவவின்ரை முகத்திலை முழிச்சுப் போனால் போன காரியம் சரிவருமெண்டு பேர்.

இதுக்குள்ளைதான் நாடகம் வந்தது. ஜெபரட்ணம் மாஸ்ரர் எங்கடை வேதக் கோயிலிலை ஞாயிற்றுக்கிழமையிலை பிரசங்கம் வைக்கிற மனிசன். நல்ல மனிசன் எண்டுதான் நானும் நினைச்சிருந்தன். அவர் எழுதிப் பழக்கின நாடகத்துக்குப் பேர் "படலை மட்டும்". கதை பெரிசா ஒண்டும் இல்லை. ஒரு தாயும் மகனும். முதல் காட்சியிலை தாய் பிள்ளைக்கு நடை பழக்கிக் கையை விடுறாள். ரெண்டாவதிலை பள்ளிக்கூட வாசலிலை விடுறாள். கடைசியிலை மகன் வளந்து ஊரை விட்டுப் போறான், தாய் படலை வரைக்கும் வந்து விட்டிட்டுத் திரும்பவேணும். வளந்த மகனாச் சீலன். தாயா எங்கடை ஒழுங்கை அருந்ததி, சீலனோடை ஒரே வகுப்பு.

வெங்காயம் கிண்டி முடிஞ்ச நேரம். இரத்தினமக்கா வீட்டுக் கொட்டிலுக்குள்ளை குமிச்சுக் கிடக்கு, நாங்கள் பொம்பிளையள் இருந்து பிடி பிடியாக் கட்டுறம். சோளகக் காத்து வெங்காயச் சருகை அள்ளிக் கண்ணுக்குள்ளை போடுது. அருந்ததியும் வந்து குந்திக்கொண்டு தன்ரை பாடத்தைச் சொல்லிக் காட்டினாள். "மகனே, செல்! உன் பாதை நெடியது! உன்னை நான் தடுக்கேன்!"

இரத்தினமக்கா கட்டின பிடியைக் கீழை போட்டிட்டுச் சிரிச்ச சிரிப்பு! மூத்தவன் போனதுக்குப் பிறகு அவ அப்பிடிச் சிரிச்சதை நான் காணேல்லை.

"எடி பிள்ளை, உதென்ன கதை? எந்தத் தாய் படலையிலை நிண்டு 'உன் பாதை நெடியது' எண்டு சொல்லுவள்? அது பஸ்காரனுக்குத் தெரியும். தாய் எண்டால், குடையை எடுத்தியோ, வயித்துக்குள்ளை என்னமும் போட்டியோ, போய்ச் சேந்த உடனை ஒரு சேதி போடு, இதைத்தான் சொல்லுவள்."

"மாஸ்ரர் எழுதித் தந்தவர் மாமி."

"மாஸ்ரர் பெத்தவரோ? போய்ச் சொல்லு நான் சொன்னனெண்டு. பேந்து இன்னொண்டு. முழுவியளத்துக்கு ஆர் நிக்கிறது?"

"அது நாடகத்திலை இல்லை மாமி."

"இல்லையோ! நல்ல நாடகம். நாடகமெண்டாலும் என்ரை பிள்ளை வெறும் முகத்திலை முழிச்சுப் படி இறங்கிறதோ? கொண்டா அந்தச் செம்பை. இஞ்சை பார், இப்பிடி இடக்கையிலை ஏந்தி, வலக்கையாலை செம்பின்ரை வாயைப் பொத்தாமல் பிடிக்கவேணும். எதிர வரேக்கை சிரிச்ச முகமா வா. அழுத கண்ணோடை நிண்டால் போற பிள்ளைக்குக் கூடாது."

இப்பிடித்தான் பழக்கிவிட்டவ. மாஸ்ரரும் அடுத்த நாளே சைக்கிளிலை வந்திறங்கினார். கை ரெண்டையும் கூப்பிக்கொண்டு, "அக்கா, நீங்கள் சொன்னதுதான் நாடகம், நான் எழுதினது வெறும் குப்பை" எண்டார். செம்பையும் சேத்தார், குடையையும் சேத்தார். இரத்தினமக்காவுக்கு முகம் பூத்துப்போச்சு. "படிச்ச மனிசன், எங்களிட்டையும் கேக்குது பார்" எண்டு எனக்குச் சொன்னா. கேட்டவர்தான். கேட்டுக் கேட்டுத்தான் எல்லாத்தையும் உருவினவர்.

நாடகத்துக்கு ரெண்டு மூண்டு நாள் இருக்கேக்கை மார்க்கண்டண்ணை குசினி வாசலிலை வந்து நிண்டார். நான் உள்ளுக்கை தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு இருக்கிறன்.

"இஞ்சை பாரப்பா. மாஸ்ரர் சொல்லுறார், வெறும் பையைத் தூக்கினால் பொடியன்ரை நடை பொய்யாப்போகுமாம். பாரம் இருக்கவேணுமாம். உள்ளுக்கை மெய்யாவே சாமான் வைச்சுக் கட்டட்டாம்."

அவர் ஒரு மூச்சிலை அவ்வளவு கதைச்சதை நான் என்ரை சீவியத்திலை கேட்டதில்லை.

"அதுக்கென்ன, கட்டினால் போச்சு" எண்டா அக்கா.

"பயத்தம் பணியாரமும் கொஞ்சம் சுட்டு வை. சாப்பாடு மணக்கவேணுமாம்."

"மிளகாய்த்தூளும் இடிச்சு வையுங்கோ அக்கா" எண்டு நான் பகிடி விட்டன். "முன் வாங்கிலை இருக்கிறவை தும்மினால் நாடகம் இன்னும் உண்மையா இருக்கும்."

மார்க்கண்டண்ணை சிரிக்கேல்லை. "ஓம், அதுவும் வைக்கலாம்" எண்டு சொல்லிப்போட்டுப் போட்டார். நாங்கள் ரெண்டு பேரும் அவர் போனதுக்குப் பிறகு வயித்தைப் பிடிச்சுக்கொண்டு சிரிச்சம். இந்த மனிசனுக்கும் நாடகப் பைத்தியம் பிடிச்சிட்டுது பார் எண்டு.

அடுத்த நாள் முழுக்க அடுப்படிதான். பயறு வறுத்து, திரிச்சு, தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டுக் குழைச்சு உருட்டினது நான். அரிசிமாக் கரைசலிலை தோய்ச்சுப் பொரிச்செடுத்தது அவ. அடுப்பு வெக்கையிலை முகமெல்லாம் சிவந்துபோச்சு. கருகினதை எடுத்து ஒதுக்கி வைச்சுப்போட்டு, வடிவானதாப் பாத்துப் பேணிக்குள்ளை அடுக்கினா. "மேடையிலை ஆர் பேணியைத் திறந்து பாக்கப் போகினம் அக்கா?" எண்டு கேட்டன். "பிள்ளை நாடகம் முடிய எல்லாப் பொடியளுக்கும் குடுப்பான்" எண்டா. பழைய சறம் ரெண்டு, ஒரு துவாய், கொலர் கிழிஞ்ச சேட்டு எண்டு உடுப்பு வைச்சா. நல்ல உடுப்பு வைச்சால் ஊத்தையாப்போகுமாம். அதுக்கும் பாரம் காணாதெண்டு கொட்டிலுக்குள்ளை போய் ஒரு பிடி வெங்காயம் எடுத்துக்கொண்டு வந்து அடியிலை வைச்சா. சீலன் பின்னேரம் வந்து பையைத் தூக்கிப் பாத்தான்.

"பாரம் காணுமோடா?"

"காணுமம்மா" எண்டவன், பையைக் கீழை வைக்காமலே கொஞ்ச நேரம் நிண்டான். பேந்து போய்க் கிணத்தடியிலை முகம் கழுவினான். வெங்காயம் கட்டின கொட்டிலுக்காலை வந்தவனுக்குக் கண் எரியும்தானே எண்டு நினைச்சம்.

ஆவணி லீவுக்கு முந்தின வெள்ளிக்கிழமை நாடகம். இரவிலை ஒண்டும் வைக்கேலாத காலம், அதாலை மத்தியானம் திரும்பவே துவங்கிச்சினம். வெளிச்சத்தை மறைக்க யன்னலுக்கெல்லாம் சாக்குக் கட்டியிருந்தது. மண்டபம் நிறையச் சனம், வேர்வை மணம், குழந்தையளின்ரை அழுகை. இரத்தினமக்கா தன்ரை பச்சைச் சேலையை உடுத்து, பூ வைச்சு, முன் வாங்கிலை ஓரமா இருந்தா. பக்கத்திலை நான். மார்க்கண்டண்ணை வரேல்லை, தோட்டத்திலை அலுவல் எண்டு சொல்லிப்போட்டார். வெளிக்கிட முன்னம் சீலனுக்குச் சோறு தீத்தி விட்டவ. வடிவா நடி ராசா எண்டு திருநீறு பூசினவ. பாருங்கோ, ஒண்டையும் விடேல்லை. எல்லாம் அவவின்ரை கையாலைதான்.

கடைசிக் காட்சி. அருந்ததி செம்போடை வந்து நிண்டாள். சிரிச்ச முகமா வா எண்டு சொல்லிக் குடுத்தது, ஆனால் பெட்டை மேடைக்கு வரேக்கையே அழுதுகொண்டு வருது. நிறைசெம்பு சரிஞ்சு தண்ணி சிந்துது. "என்ன வடிவா அழுறாள் பார் நேசம். ஆனால் செம்பிலை தண்ணி சிந்தக்கூடாது" எண்டா அக்கா என்ரை காதுக்குள்ளை. அருந்ததி பாடமாக்கின மாதிரி, "குடையை எடுத்தியோ?" எண்டு கேட்டாள். "எடுத்தனான்" எண்டான். "வயித்துக்குள்ளை என்னமும் போட்டியோ?" "சாப்பிட்டனான்."

அதோடை அவன் மேடைப் படியாலை இறங்கி, சனத்துக்கு நடுவாலை போய் வெளி வாசலாலை போகவேணும். திரை விழவேணும். அதுதான் நாடகம். சீலன் பையைத் தோளிலை போட்டுக்கொண்டு இறங்கினான். இறங்கினவன் நேரை போகேல்லை. எங்கடை வாங்கடிக்கு வந்து, இரத்தினமக்காவுக்கு முன்னாலை நிண்டான்.

"அம்மா, நான் போட்டு வாறன்."

சனமெல்லாம் கழுத்தை நீட்டிப் பாக்குது. அக்காவுக்கு வெக்கமும் புளுகமுமாச் சிரிப்பு வந்திட்டுது. சேலைத் தலைப்பாலை வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பாத்தா. பேந்து அவவும் ஒரு நடிகை மாதிரி நிமிந்து இருந்து, மண்டபம் முழுக்கக் கேக்கச் சொன்னா.

"போட்டு வா ராசா!"

மண்டபம் அதிரக் கை தட்டினது. நானும் தட்டினன், அக்காவும் தட்டினா. அவன் குனிஞ்சு அவவின்ரை காலைத் தொட்டான். நிமிரேக்கை அவன்ரை வாய் கோணினதை நான் கண்டன். நல்ல நடிப்பு எண்டு நினைச்சன். பை ஆட ஆடப் போனான். திரும்பிப் பாக்கேல்லை.

திரை விழுந்து, பேந்து திறந்து, நடிச்ச பிள்ளையள் எல்லாம் வரிசையா வந்து கும்பிட்டினம். நடை பழகின சின்னவன் நிண்டான், பள்ளிக்கூடம் போனவன் நிண்டான். சீலனைக் காணேல்லை. "உவன் எங்கை நிக்கிறான்? பணியாரத்தை இப்பவே துவங்கிட்டாங்களோ?" எண்டுகொண்டு எழும்பி, மேடைக்குப் பின்னாலை இருந்த வகுப்புக்குப் போனா. நானும் பின்னாலை போனன்.

அருந்ததி சேலையோடை நிலத்திலை இருந்து விக்கி விக்கி அழுறாள். அக்கா அவளின்ரை தலையைத் தடவி, "நாடகம் முடிஞ்சுதடி பிள்ளை, இன்னும் என்னத்துக்கு அழுறாய்? சீலன் எங்கை?" எண்டு கேட்டா. பெட்டை இன்னும் கூடக் குழறினாள். ஜெபரட்ணம் மாஸ்ரர் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, "அக்கா, இதிலை இருங்கோ" எண்டார். அவருக்குப் பின்னாலை, தோட்டத்திலை அலுவல் எண்ட மார்க்கண்டண்ணை, வெள்ளை வேட்டியோடை நிக்கிறார்.

"பொடியன் இப்ப கோப்பாய் தாண்டியிருப்பான்" எண்டார்.

"எந்தப் பொடியன்?"

மாஸ்ரர் கதிரையை இன்னும் கிட்ட இழுத்து வைச்சார்.

"எந்தப் பொடியனெண்டு கேக்கிறன்!"

மாஸ்ரர்தான் வாய் திறந்தார். பிரசங்கம் வைக்கிற குரலிலையே சொன்னார். "அக்கா, கோப்பாய் அண்ணை வெளியிலை வான் கொண்டுவந்து நிண்டவர். உங்களுக்குச் சொன்னால் தாங்கமாட்டியள், வானுக்கு முன்னாலை விழுந்திடுவியள் எண்டு இவர் பயந்தார். ஆனால் பிள்ளை சத்தியம் பண்ணினவனாம், அம்மாவுக்குச் சொல்லாமல் போகவே மாட்டன் எண்டு ஒரே பிடியா நிண்டான். அதுதான் நான் இந்த வழியைச் சொன்னன். பாருங்கோ, அவனும் சொல்லிப்போட்டுப் போட்டான். நீங்களும் சந்தோசமா அனுப்பிப்போட்டியள்."

எனக்கு வந்த கோவத்துக்கு, கர்த்தரே, அந்த மனிசன்ரை சேட்டைப் பிடிச்சு உலுக்கியிருப்பன். "நீரெல்லாம் ஒரு மனிசனோ? நாளைக்கு எந்த முகத்தோடை பிரசங்க மேடையிலை ஏறப் போறீர்?" எண்டு கத்தினன். இரத்தினமக்கா கத்தேல்லை. கதிரையிலை இருக்கவும் இல்லை. புருசனைத்தான் பாத்தா.

"நான் மறிச்சனானோ?"

"இல்லை... இருந்தாலும்..."

"அட்டையை என்ரை கையாலை எடுத்துத் தந்தனான். நாள் சொல்லுங்கோ எண்டு கேட்டனான். ஓம் எண்டனீங்கள்."

மார்க்கண்டண்ணை வேட்டித் தலைப்பாலை முகத்தைத் துடைச்சார்.

"கிழிஞ்ச சேட்டு வைச்சுக் கட்டினனான்" எண்டா. "குளிர் நாட்டுக்குப் போற பிள்ளைக்கு, நாடகமெண்டு நினைச்சுக் கிழிஞ்ச சேட்டு வைச்சனான். சனத்துக்கு முன்னாலை பல்லைக் காட்டிக்கொண்டு போட்டு வா எண்டனான். என்னைக் கோமாளியாக்கிப் போட்டியள். அண்டைக்கு ஒருத்தன் போகேக்கை புட்டு அவிச்சன், இண்டைக்கு இவன் போகேக்கை கை தட்டினன்."

அப்பதான் அவவின்ரை குரல் உடைஞ்சது. நான் அவவைப் பிடிச்சுக்கொண்டு வீடு மட்டும் வந்தன். படலையடியிலை வந்து நிண்டு, ஒழுங்கையை அந்தத் தொங்கல் இந்தத் தொங்கல் பாத்திட்டு உள்ளுக்குப் போட்டா.

அதுக்குப் பிறகு புருசனோடை கதைக்கிறதில்லை. சோறு காச்சுவா, வெங்காயம் கட்டுவா, ஆனால் அவருக்குச் சொல்லவேண்டியதை ஆட்டைப் பாத்துத்தான் சொல்லுவா. "சோறு போட்டு மூடியிருக்கு, வேணுமெண்டால் தின்னட்டாம்" எண்டு. அந்த மனிசனும் ஆட்டைப் பாத்தே, "ஓம்" எண்டுவார். மாஸ்ரர் ரெண்டு தரம் சைக்கிளிலை வந்தவர், படலை திறபடேல்லை. ஒழுங்கைச் சனமோ, எல்லாம் நல்லதுக்குத்தானே, பிள்ளை தப்பினானே எண்டு சொல்லிச்சுதுகள். தப்பினது நல்லதுதான், ஆர் இல்லையெண்டது? ஆனால் ஒரு பொம்பிளை தாற வாக்கை நம்பாமல், அவவைக் கொண்டே எல்லாச் சடங்கும் செய்விச்சு, அவவை மட்டும் விட்டிட்டு மற்ற எல்லாரும் சேந்து அவவின்ரை பிள்ளையை அனுப்பினதை நல்லதெண்டு சொல்ல என்னாலை ஏலாது. அதுக்குப் பிறகு அவவை முழுவியளத்துக்கு ஆர் கூப்பிட்டாலும் போறதில்லை. "என்ரை முகத்திலை முழிச்சால் திரும்பி வராயினம்" எண்டுவா.

ஐப்பசி மழை துவங்கின நேரம் சேதி வந்தது, சீலன் பேர்லினுக்குப் போய்ச் சேந்திட்டான். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ரெலிபோன் எடுப்பானாம். சுன்னாகத்திலை மார்க்கண்டண்ணை வெங்காயம் குடுக்கிற கடைக்கு. அக்கா என்னையும் வரச்சொல்லிக் கேட்டா. புருசன் முன்னாலை குடையோடை நடக்கிறார், நாங்கள் ரெண்டு பேரும் பின்னாலை ஒரு குடைக்குள்ளை.

கடைக்குள்ளை வெங்காய மூட்டைக்கு மேலை இருந்தது ரெலிபோன். அடிச்ச உடனை முதலாளி எடுத்து, "அம்மாவோ? நிக்கிறா, நிக்கிறா" எண்டு அக்காவிட்டைக் குடுத்தார். இரைச்சல். அந்தப் பக்கத்துக் குரல் எங்களுக்கும் கேக்கிற மாதிரி அவன் கத்தித்தான் கதைச்சான்.

"அம்மா! நான் சீலன்!"

"சாப்பிட்டியோடா?"

"சாப்பிட்டனான் அம்மா. பணியாரம் கொழும்பிலையே முடிஞ்சுது. வெங்காயத்தை மட்டும் இஞ்சை வரைக்கும் கொண்டு வந்தனான்."

"குளிருக்குப் போட என்ன இருக்கு?"

"இஞ்சை தந்திருக்கினம். அம்மா, நீங்கள் கோவமெண்டு அப்பா எழுதினவர். நான் உங்களுக்குச் சொல்லிப்போட்டுத்தானேயம்மா வந்தனான். சத்தியத்தை மீறேல்லை. உங்கடை முகத்தைப் பாத்துச் சொன்னனான். நீங்களும் போட்டு வா எண்டனீங்கள்."

இரத்தினமக்கா ரெலிபோனைக் கை மாத்திப் பிடிச்சா.

"அது நாடகத்துத் தாய் சொன்னது ராசா. உன்ரை அம்மாவுக்கு நீ இன்னும் சொல்லேல்லை. இப்ப சொல்லு."

இரைச்சலுக்குள்ளாலை அந்தப் பொடியன் அழுறது கேட்டது. விக்கலுக்கு நடுவிலை சொன்னான்.

"அம்மா... நான் போட்டு வாறன்."

முதலாளி மூட்டைப் பக்கம் திரும்பிட்டார். சொல்லுங்கோ அக்கா, போட்டு வா எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ எண்டு மனசுக்குள்ளை மண்டாடுறன். மார்க்கண்டண்ணை அவவைப் பாத்துக் கையெடுத்தே கும்பிட்டார்.

இரத்தினமக்கா அவரையும் பாக்கேல்லை, என்னையும் பாக்கேல்லை. வெளியிலை மழையைப் பாத்துக்கொண்டு நிண்டா.

"இப்ப கேட்டுது" எண்டா. "நல்லாச் சாப்பிடு, குளிரிலை திரியாதை. ஆனால் நீ கேக்கிற சொல்லை நான் இதுக்குள்ளாலை தரமாட்டன். அதை இஞ்சை வந்து, எங்கடை படலையிலை நிண்டு, என்னட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு போ. அதுவரைக்கும் நான் உன்னை விடேல்லை. விளங்கிச்சுதோ? நான் விடேல்லை."

ரெலிபோனைப் புருசன்ரை கையிலை குடுத்தா. நேரை அவர் முகத்தைப் பாத்துக் குடுத்தா. ரெண்டு மாதத்துக்குப் பிறகு அவரோடை ஒரு சொல்லும் கதைச்சா.

"நீங்கள் அனுப்பின பிள்ளை. கதையுங்கோ."

அதோடை குடையை விரிச்சுக்கொண்டு மழைக்குள்ளை இறங்கிட்டா. நான் சேலையைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு பின்னாலை ஓடினன்.